வியாழக்கிழமை வரும் முடிவு

இல்லை அக்கா, இந்தப் புத்தகத்தை மட்டும் கேட்காதீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் வாரப் பத்திரிகையைப் புரட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுப்பதுதான் மரியாதை, எனக்கும் தெரியும். இதில் என் கதை வந்திருக்கிறது. அதனால்தான் தர முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். கதை அச்சில் வந்தால் ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், இவள் துப்பட்டாவுக்குள் மறைக்கிறாளே என்றுதானே? போன வாரம் நானும் ஊரைக் கூப்பிட்டுத்தான் காட்டினேன். போன வாரம் வந்தது முதல் பாகம். இது இரண்டாம் பாகம்.

நீங்களும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குத்தானே? ஃப்ளாஸ்க்கும் கூடையும் பார்த்தபோதே நினைத்தேன். நானும் அங்கேதான். என் மாமன் மகள் கௌசிகா படுத்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். என்னை அத்தாச்சி, அத்தாச்சி என்று சுற்றி வருவாள். கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்வார்கள். பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

காலையில் அவள் அப்பா, என் மாமா, போன் செய்தார்; என்னை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார். "ஆயி, வரும்போது அந்தப் புஸ்தகத்த வாங்கிட்டு வந்துரு. இன்னைக்கு வியாழக்கெழமல்ல. முடிவு வந்திருக்கும்" என்றார். கடைக்கு இன்னும் வரவில்லை மாமா என்று சொன்னேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்போது இது என் கையில்தான் இருந்தது. ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டை அவிழ்க்கும்போதே நின்று வாங்கிவிட்டேன். கொடுப்பதா, கிழித்துப் போடுவதா, பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவதா என்று ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டே வருகிறேன். நீங்கள் கேட்டதும் திடுக்கென்று ஆகிவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டிகிரி. எம்.எஸ்ஸி. விலங்கியல். இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் கதைப் புத்தகமே கிடையாது அக்கா. நான் கதைக்கு வந்தது ஜாடிகளிலிருந்து. நான் படித்த பள்ளிக்கூட ஆய்வகத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள் இருக்கும். ஃபார்மலினுக்குள் தேள், பூரான், பாம்பு. மேலே ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் பூசணம் பிடித்துவிட்டன. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று டீச்சர் என்னைப் புதிதாக எழுதி ஒட்டச் சொன்னார். கட்டுவிரியன் ஜாடிக்கு மூன்று வரி. கட்டுவிரியன். இரவில் நடமாடும். கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது.

மூன்றாவது வரியை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலி தெரியாது என்றால், கடிபட்டவன் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவான். பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கும் தெரியாது. விடிந்ததும் அவள் காப்பி போட்டுவிட்டு வந்து எழுப்புவாள். சீட்டில் அதற்கு மேல் இடமில்லை. மீதியை எங்கேயாவது எழுத வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கதை என்றால் அதுதான். மேலே ஒரு உண்மையான வரி, அதற்குக் கீழே ஒரு மனிதர். மேலே இருக்கிற வரி பிசகினால் கீழே இருக்கிற மனிதரும் பொய்யாகிவிடுவார். இது என் கொள்கை.

அதனால் எதையும் பார்க்காமல் எழுத மாட்டேன். அறுந்த பல்லிவால் துடிக்கிறது என்று ஒரு வரி எழுத, சுவரோரமாக எத்தனை நாள் காத்துக் கிடந்தேன் தெரியுமா? அம்மா வந்து பார்த்துவிட்டு, "பொய் எழுதுறதுக்கு எதுக்குடி இவ்வளவு அலைச்சல்? பொய்ய ஒக்காந்த எடத்துலேயே எழுதலாமே" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. என் கதைகளில் கற்பனை என்பது ஆட்களின் பெயர் மட்டும்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கு வரும்.

இந்தக் கதைக்கும் அப்படித்தான். பாம்புக்கடி சிகிச்சை பார்க்கிற ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன், காத்திருந்து, இரண்டு தடவை. கதையில் ஒரு அப்பா. வயலில் மகளை விரியன் கடிக்கிறது. அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டுகிறார், குச்சி செருகி முறுக்குகிறார். நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். அது தவறு அக்கா. கட்டவே கூடாது. கீறக் கூடாது. காலை ஆட்டாமல் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். விரியன் விஷம் சதையை அரிக்கும். கட்டிவிட்டால் ரத்தமும் போகாது, விஷமும் நகராமல் அங்கேயே நின்று அரிக்கும்.

இதை நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்கள்? வாங்கி வடையை வைத்துத் தின்பார்கள். அதனால் நான் வேறு மாதிரி செய்தேன். படிக்கிறவரையும் அந்த அப்பாவோடு சேர்ந்து கட்ட வைத்தேன். துண்டை எப்படி மடிக்கிறார், முடிச்சு எங்கே விழுகிறது, குச்சியை எந்தப் பக்கம் திருப்புகிறார், எல்லாம் இருக்கும். படித்தால் கை தானாக வரும். மகள் கண் திறந்து தண்ணீர் கேட்பாள். அப்பாடா என்று இருக்கும். அடுத்த பத்தியில் பாதம் நிறம் மாறத் தொடங்கும். அப்போதுதானே உறைக்கும்? ஆய்வகத்தில் பரிசோதனை எழுதுகிறபோது நோக்கம், செய்முறை, முடிவு என்று வரிசையாக எழுதுவோம். கதையில் முடிவைக் கடைசிவரை ஒளித்து வைக்க வேண்டும். அந்த வித்தை எனக்கு வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

கடைசியில் அந்தப் பெண்ணின் பாதத்தை எடுத்துவிடுவார்கள். உயிரோடு இருப்பாள். அறுப்பு முடிந்து எல்லாரும் வைக்கோல் கட்டும்போது, அந்த அப்பாவுக்கு மட்டும் முடிச்சுப் போடக் கை வராது. அதோடு கதை முடியும்.

பத்திரிகையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கதை நீளம், இரண்டு வாரமாகப் போடுகிறோம் என்றார். எங்கே பிரிக்கிறீர்கள் சார் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு தண்ணி கேக்குதே, அங்கதாம்மா. ஜனங்க ஒரு வாரம் நிம்மதியா இருப்பாங்க. அடுத்த வாரம் தூக்கிப் போடும் பாருங்க" என்றார். சரி சார் என்றேன். நான் வேறு என்ன சொல்ல முடியும்? அவ்வளவு பெரிய பத்திரிகையில் எனக்கு அது முதல் கதை. ஆனால் ஒன்று. பிரித்தது நான் இல்லை. நான் அனுப்பியது ஒரே கதை. இதை எல்லாரும் கவனிக்க வேண்டும்.

முதல் பாகம் வந்ததும் ஊரே வாங்கிவிட்டது. டீக்கடையில் வைத்து ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள். உளுந்து எடுக்கிற இடத்தில் கௌசிகா நின்றுகொண்டு சத்தமாகப் படித்தாளாம், வேலைக்கு வந்த பொம்பளைகள் கையில் செடியோடு அப்படியே நின்றார்களாம். டீக்கடை வைத்தியநாதன், "முடிவ சொல்லாட்டி ஒனக்கு டீ கெடயாது" என்று கிளாஸைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். கௌசிகா என் ஜடையைப் பிடித்துக்கொண்டு, "அத்தாச்சி, எனக்கு மட்டும் காதுல சொல்லுங்க, பொழச்சிருவாள்ல?" என்றாள். வியாழக்கிழமை வரை பொறு என்று ஜடையை விடுவித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவரும் மெதுவாக இரண்டு தடவை படித்திருக்கிறார். கலியபெருமாள் மாமா ஒரு கதையை இரண்டு தடவை படித்தார் என்றால் நம்புவீர்களா? எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார். "கட்டு நல்லா கட்டுனான் ஆயி. நம்ம ஆளுங்க சும்மா கயித்த சுத்துவானுங்க. இவன் முறுக்குனான் பாரு. அதான் புள்ள பொழச்சிச்சு." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எந்த இடத்தில் அவர் மாட்ட வேண்டும் என்று நினைத்தேனோ, சரியாக அந்த இடத்தில் மாட்டியிருந்தார். "அடுத்த வாரம் படிங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார். கதை எப்படி வேலை செய்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை கடித்தது. நான் வகுப்பில் இருந்தேன், கௌசிகாவுக்குப் பரீட்சை முடிந்து லீவு. வரப்போரம் போட்டிருந்த உளுந்துச் செடிக் கட்டை கௌசிகா தூக்கியிருக்கிறாள், அடியில் பாம்பு கிடந்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே. அவள் கத்தவில்லையாம். "அப்பா, துண்ட எடுங்கப்பா" என்றாளாம். அவளே சொல்லியிருக்கிறாள் அக்கா. முழங்காலுக்குக் கீழே, குச்சி இந்தப் பக்கம் என்று. மாமா கட்டியிருக்கிறார். பிளேடு கிடைக்கவில்லை, அதனால் கீறவில்லை. அது ஒன்றுதான் நல்லதாகப் போயிற்று. நூற்றெட்டு வண்டி வருகிறவரை அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்று கேட்டாளாம். மாமா அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலரும். கேட்டா பாரு, தண்ணி கேட்டா பாரு என்பார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது ஊசியெல்லாம் போட்டுவிட்டிருந்தார்கள். பணியில் இருந்த டாக்டரம்மா என் வயதுதான் இருக்கும். காலில் கட்டின தடத்தைப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்று மாமா முன்னால் வந்தார். வகுப்பில் முதல் மார்க் வாங்கினவர் எழுந்து நிற்பது மாதிரி நின்றார்.

"யாருங்க ஒங்களுக்கு இப்படிக் கட்டச் சொன்னது?"

மாமா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "நம்ம புள்ளதாங்க. பத்திரிகையில எழுதியிருக்கு. எம்.எஸ்ஸி. படிச்சது. பாம்ப பத்தித்தான் படிச்சிருக்கு."

அந்த வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் அந்த டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கி, வராமல், தமிழுக்கு வந்தேன். மேடம், அது முதல் பாகம்தான். இரண்டாம் பாகத்தில் கட்டக் கூடாது என்றுதான் வரும். எனக்குத் தெரியும் மேடம், நான் விசாரித்துத்தான் எழுதினேன் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ரெண்டாவது பாகம் எப்ப வரும்?"

"வியாழக்கிழமை மேடம்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முழுக்கதையையும் படித்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

நான் இங்கிலீஷில் தொடங்கும்போதே மாமா நகர்ந்துவிட்டார், நாங்கள் பேசியது அவர் காதில் விழவில்லை. அத்தைக்குச் சோறு வாங்கப் போய்விட்டார். அதனால் இன்றைக்கு வரை, மகளைக் காப்பாற்றியது தன் கட்டுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பாதம் கறுத்துக்கொண்டு வருகிறது, அதைப் பார்க்கிறார். ஆனாலும் உயிர் நின்றதே என்கிறார். இந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? எழுத்துக் கூட்டி, எழுத்துக் கூட்டி, கடைசி வரிக்கு வருவார். வைக்கோல் கட்ட முடியாமல் ஒரு அப்பா நிற்பார்.

விஞ்ஞானப்படி பார்த்தால் இதற்கெல்லாம் கட்டுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. அந்த டாக்டரம்மாவே பிறகு சொன்னார். விரியன் கடித்தால் கட்டாவிட்டாலும் சிலருக்குச் சதை அழுகும், கட்டினால் மோசமாகும், இந்தக் காலில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். கட்டாத இன்னொரு கௌசிகா இருந்தால்தானே ஒப்பிட முடியும்? ஒரே ஒரு காலை வைத்து யாரும் முடிவுக்கு வரக் கூடாது. ஒரே இதழில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பத்திரிகைக்கும் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஐயோ பாவம் என்றார்கள். இரண்டாம் பாகம் அச்சுக்குப் போய்விட்டது, கதைக்கு நல்ல வரவேற்பு, அடுத்து ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள்.

முன்கதைச் சுருக்கம் என்று மேலே மூன்று வரி போட்டிருக்கிறார்கள் பாருங்கள். இல்லை, நானே படிக்கிறேன். "வயலில் பாம்பு கடித்த மகளைத் தந்தை சமயோசிதமாகக் கட்டுப்போட்டுக் காப்பாற்றுகிறார்." இதை நான் எழுதவில்லை. சமயோசிதமாக என்ற வார்த்தையே நான் போட மாட்டேன்.

ஒரு நிமிஷம் அக்கா. மாமாதான்.

"சொல்லுங்க மாமா. பஸ்ல வந்துகிட்டு இருக்கேன். பெரிய டாக்டர் வந்துட்டாங்களா? இன்னும் இல்லையா. அத்தை சாப்பிட்டாங்களா? எது மாமா? எங்க வாங்குனீங்க? ம். ம். முழுக்கப் படிச்சிட்டீங்களா? இல்ல மாமா, அது அப்படி இல்ல. அது கதை மாமா. சும்மா கற்பனைதான். கேக்குது மாமா. சரி. சரி மாமா. பஸ்ல சத்தமா இருக்கு. நேர்ல வந்து பேசுறேன்."

வைத்துவிட்டேன். அவரே வாங்கிவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் கடையில் தொங்கியிருக்கிறது. என் பெயரைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அக்கா, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், நான் பிரிக்கவில்லை மாமா என்று. அவர் சந்தேகம் கேட்கிறார். "கதையில அவன் கட்டோடயே பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறான் ஆயி. நம்ம வண்டிக்காரத் தம்பி பாதி வழியிலயே தளத்திட்டாரு. அப்ப நம்மளுது வேறதானே? நம்மளுக்கு அப்படி ஆகாதுல்ல?" மாணவர்கள்கூட என்னிடம் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். என்னால் ஆகாது என்றும் சொல்ல முடியவில்லை, ஆகும் என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கற்பனை என்றேன். நீங்களும் கேட்டீர்களே. ஒரு கதையையும் நான் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப மொத பாகம்? அதுவும் கற்பனைதானா ஆயி?"

கேக்குது மாமா என்று மட்டும் சொன்னேன். அவரே பேசினார். கௌசிகாவுக்கு இன்னும் படித்துக் காட்டவில்லையாம். புத்தகத்தை இடுப்பில் வேட்டிக்குள் செருகி வைத்திருக்கிறாராம். அவள் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம், முடிவை அத்தாச்சி வாயாலேயே கேட்க வேண்டும் என்று. "பெரிய டாக்டர் வர்றதுக்குள்ள நீ வந்து சொல்லிரு. வேற மாதிரி சொல்லிரு ஆயி. கதைதானே" என்றார்.

கதைதானே என்கிறார்.

இந்தாருங்கள், இனிமேல் நீங்கள் படிக்கலாம். எனக்கு வேண்டாம். ஆனால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், நீங்கள் பெரியவர். கட்டவே இல்லை என்று தொடங்கினால் அவள் விட மாட்டாள். முதல் பாகம் அவளுக்கு மனப்பாடம். துண்டு, முடிச்சு, குச்சி எந்தப் பக்கம் என்பதுவரை. அதில் ஒரு எழுத்து மாறினாலும் பிடித்துவிடுவாள். கட்டு தளர்ந்திருந்தது என்று சொல்லலாமா? இல்லை, இறுகக் கட்டினார் என்று எழுதிவிட்டேன். பல் ஆழமாகப் பதியவில்லை, விஷம் கொஞ்சம்தான் இறங்கியது என்று சொல்லலாம், அப்படியும் உண்டு, பாம்பு சில சமயம் விஷம் விடாமல் கடிக்கும். ஆனால் வீங்கியது என்று எழுதியிருக்கிறேனே. விஷம் இறங்காமல் வீங்காதே.

ஸ்டாப் வந்துவிட்டது. எழுந்திருங்கள் அக்கா, கூடையை நான் பிடித்துக்கொள்கிறேன். பார்த்து இறங்குங்கள். வார்டு வரைக்கும் என்னோடு வருவீர்களா? நடந்துகொண்டே யோசிப்போம். முதல் பாகத்தில் ஒரு வரியையும் மாற்றாமல், அந்தக் கால் எப்படிப் பிழைக்கும்?